பாட்டு முடிந்தால்தான் நாள்

"மெஷினோட முதன்மைப் பாஸ்வேர்டு எனக்கு வேணும் சார்" என்றேன்.

சான்றிதழ் சரிபார்ப்புப் பிரிவில் சிறிது நேரம் மின்விசிறி மட்டும் வேலை செய்தது. மற்ற நாட்களிலும் அது மட்டும்தான் வேலை செய்யும். அன்றைக்குக் காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

நான் சேர்ந்த அன்று, கழிப்பறை எந்தப் பக்கம் என்று காட்டுவதற்கும் முன்னால் கண்காணிப்பாளர் எனக்குச் சொல்லிவைத்தது இந்த ஒன்றைத்தான். நாற்காலி கேட்கலாம், விடுப்புக் கேட்கலாம், தலைவலிக்கு மாத்திரைகூடக் கேட்கலாம். முதன்மைக் கடவுச்சொல்லை மட்டும் கேட்கக் கூடாது. பதினேழு வருடமாக யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் அதற்குப் பாதுகாப்பு.

இப்போது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, நான் இன்னும் நிற்கிறேனா என்று பார்த்தார். நின்றுகொண்டிருந்தேன்.

"ஏம்மா, என்ன கேக்கலாம் என்ன கேக்கக் கூடாதுன்னு வீட்ல யாரும் சொல்லித் தரலையா?"

"வீட்ல யாரும் படிக்கல சார். சொல்லித் தர ஆளில்ல."

அது குத்தலுக்குச் சொன்னதல்ல. அம்மா துணி ஆலையில் சட்டைக்குப் பொத்தான் வைக்கிறாள். அப்பா சரக்குக் கிடங்கில் மூட்டை ஏற்றுகிறார். இரண்டு பக்கச் சொந்தத்திலும் சேர்த்து, கல்லூரி வாசலைத் தாண்டி உள்ளே போய், நாலு வருடம் கழித்துக் காகிதத்தோடு வெளியே வந்தவள் நான் ஒருத்திதான். அந்தக் காகிதத்தைக் கொடுத்தது இதே பல்கலைக்கழகம். கணினி அறிவியல், முதல் வகுப்பு. வெளியூரில் ஒரு கம்பெனி என்னைத் தேர்ந்தெடுத்தது. ஒரே நிபந்தனை: இந்தப் பட்டம் நிஜமானதுதான் என்று பல்கலைக்கழகம் சொல்ல வேண்டும். முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் சொல்லாவிட்டால் பட்டியலில் எனக்கு அடுத்து இருப்பவருக்கு வேலை போய்விடும்.

அதைக் கேட்கத்தான் மூன்று மாதத்துக்கு முன்னால் முதன்முதலாக இந்தப் பிரிவின் ஜன்னலுக்கு வந்தேன். உள்ளே இருந்தவர் என் விண்ணப்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரில் ஒட்டியிருந்த விதியைக் காட்டினார். போலிச் சான்றிதழ்களை ஒழிப்பதற்காக, இனிமேல் எந்தச் சரிபார்ப்பும் மனிதக் கை படாமல், மார்க் பட்டியல்கள் இருக்கும் மெஷினிலிருந்தே நெட்வொர்க் வழியாக நேராகப் போக வேண்டும். அப்போது விதி அமலுக்கு வந்து பதினோரு மாதம். மெஷினுக்கு நெட்வொர்க் கிடையாது. ஆகவே பதினோரு மாதமாக யாருடைய பட்டமும் நிஜமாகவில்லை. வரிசையில் இரண்டாயிரத்து நூற்று நாற்பது பேர். பதிவெண் வரிசைப்படி நான் அதில் ஆயிரத்து முந்நூற்று எண்பத்தெட்டாவது.

அந்த விதிக்குப் பக்கத்திலேயே இன்னொரு காகிதம் ஒட்டியிருந்தது. மெஷினை நெட்வொர்க்கில் இணைக்க ஆள் தேவை. தற்காலிகம், எண்பத்தொன்பது நாள். கணினிப் பட்டம் அவசியம். பட்டத்தின் உண்மைத்தன்மை பின்னர் சரிபார்த்துக்கொள்ளப்படும்.

என் பட்டத்தை வெளியே எடுக்க நானே உள்ளே போனேன்.

மெஷினுக்குத் தனிக் கண்ணாடி அறை. பிரிவிலேயே குளிர்சாதனம் இருப்பது அங்கேதான். எல்லோரும் அதைப் 'பெரியவர்' என்றார்கள். பெரியவருக்கு இருபத்திரண்டு வயது. அதில் ஓடும் இயங்குதளத்தைச் செய்த கம்பெனி மூடப்பட்டே பதினைந்து வருடம் ஆகிறது. உலகத்தில் அதை இன்னமும் ஓட்டுகிறவர்கள் நாங்களும், எங்கோ ஒரு கப்பல் பட்டறையும், பொழுது போகாத சில நூறு பேரும்தான். அந்தச் சில நூறு பேர் இணையத்தில் ஒரு குழு வைத்திருந்தார்கள். வீட்டுக்குப் போய் போனில் அவர்களிடம் கேட்டுத்தான் நான் வேலை கற்றுக்கொண்டேன். யாரும் என்னிடம் அடையாள அட்டை கேட்கவில்லை. கேள்வி கேட்டால் பதில் சொன்னார்கள். எனக்கே கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது.

முதல் நாள் பெரியவர் முன்னால் உட்கார்ந்து என் பதிவெண்ணை அடித்தேன். பச்சை எழுத்தில் என் பெயர் வந்தது. கீழே நாற்பத்திரண்டு பாடங்கள், நாற்பத்திரண்டு மதிப்பெண்கள், கடைசியில் 'தேர்ச்சி'. என்னைத் தெரியும் என்று அது சொல்லத்தான் செய்தது. என்னிடம் மட்டும் சொன்னது.

அன்று இரவு அம்மாவிடம் இதைச் சொன்னபோது ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்: "நாலு வருஷம் படிச்சவ நீ. அது நெசமான்னு ஒரு பொட்டிகிட்டயா கேக்கணும்?"

"பொட்டி ஆமான்னுதாம்மா சொல்லுது. வெளிய போய்ச் சொல்ல அதுக்கு வழியில்ல."

"அப்ப அது நம்ம வீட்டுப் பொம்பளைங்க மாதிரிதான்" என்றாள் அம்மா.

இந்த இடத்தில் பாட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தினமும் சரியாகப் பத்து மணிக்குப் பெரியவர் பல்கலைக்கழகப் பாடலைப் பாடுவார். அவருக்குள் ஒரு ஒலி அட்டை இருந்தது. அதை அங்கே எல்லோரும் பாட்டு கார்டு என்றார்கள். முதல் துணைவேந்தருடைய மைத்துனர் எழுதிய பாடல், நாலு நிமிடம் பதினொரு வினாடி. எல்லோரும் எழுந்து நிற்பார்கள். நின்றபடியே வருகைப் பதிவேடு கை மாறும். பாட்டு முடிகிற நொடியில் அலுவலக நாள் ஆரம்பிக்கும். நடுவில் உட்கார்ந்தவருக்கோ நகர்ந்தவருக்கோ அன்றைய பாட்டு சேராது. இங்கே பணிக்காலத்தை வருடத்தில் எண்ணுவதில்லை, பாட்டில்தான் எண்ணுவார்கள். கண்காணிப்பாளர் நாலாயிரத்து அறுநூறு பாட்டு முடித்தவர். ஐயாயிரம் ஆனால் தனி அறை.

நான் சேர்ந்த இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் பத்து மணிக்கு மின்சாரம் போய்விட்டது. பத்தே காலுக்கு வந்துவிட்டது. ஆனால் பாட்டு போனது போனதுதான். அன்று ஜன்னல் திறக்கவில்லை. எல்லோரும் மாலை ஐந்து வரை நாள் ஆரம்பிக்காமலே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியம்மா ஜன்னலைத் தட்டி, மகனுடைய சான்றிதழ் விஷயமாகத் தேதி கேட்டாள். இன்றைக்குத் தேதி இல்லை என்று பதில் வந்தது. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அப்படிப்பட்ட நாளில் நடந்தது எதுவும் நடந்ததாக ஆகாது என்று கண்காணிப்பாளர் எனக்கு விளக்கினார். தேநீர் குடித்தது உட்படவா என்று கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. சொன்னாலும் ஆகாதே.

இனி நெட்வொர்க் கார்டு. பெரியவருக்கென்று பல்கலைக்கழகம் ஏற்கெனவே ஒன்று வாங்கி வைத்திருந்தது. சந்தையில் இருப்பதிலேயே புதியது, வேகமானது. அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, வருகிற விருந்தினர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியவருக்கு அது என்னவென்றே தெரியவில்லை. கார்டோடு பேசுவதற்கு டிரைவர் என்று ஒரு சின்ன மென்பொருள் வேண்டும்; அவருடைய இயங்குதளத்துக்கு உலகத்தில் மொத்தம் பதினொரு கார்டுகளுக்குத்தான் டிரைவர் எழுதப்பட்டிருக்கிறது. பதினொன்றும் அவர் வயசுக்காரர்கள். புதிய கார்டின் பெட்டியில் இருந்த தாள், டிரைவர் இல்லாவிட்டால் நெட்வொர்க்கில் இணைந்து பெற்றுக்கொள்ளவும் என்றது.

பதினொன்றின் பெயரையும் எழுதி வைத்துக்கொண்டு பழைய சாமான் கடைகளில் மூன்று வாரம் அலைந்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு நாள் காலை, பிரிவைப் பெருக்கும் அக்கா என் மேசையிலிருந்த படத்தைப் பார்த்துவிட்டு விளக்குமாற்றை நிறுத்தினாள்.

"இந்த நீலப் பெட்டியையா தேடுறே? கண்காணிப்பாளர் மேஜைக்குக் கீழ பாரு கண்ணு. கால் ஆடுதுன்னு நான்தான் அண்டக் குடுத்தேன். பன்னண்டு வருஷம் இருக்கும்."

இருந்தது. பெரியவரோடு கூடவே வந்த பெட்டி, யாரும் பிரித்ததில்லை. உள்ளே பட்டியலில் ஏழாவதாக இருந்த கார்டு, வெள்ளிப் பையில் பத்திரமாக. அதற்கு டிரைவர் உள்ள ஃபிளாப்பி வட்டும் கூடவே. பெட்டியை எடுத்ததும் மேசை ஆட ஆரம்பித்தது. கண்காணிப்பாளர் அன்று பிற்பகலே கோப்பு எழுதி, சந்தையிலேயே புதியதும் வேகமானதுமான கார்டை அலமாரியிலிருந்து எடுப்பித்து மேசைக் காலுக்கு வைத்துக்கொண்டார். அதற்கு ஒப்புதல் ஒரே நாளில் வந்தது.

கார்டைப் பெரியவருக்குள் மாட்டினேன். வட்டைச் செருகினேன். டிரைவரை நிறுவ முதன்மைக் கடவுச்சொல் கேட்டது.

அதனால்தான் நான் கண்காணிப்பாளர் முன்னால் போய் நின்று, கேட்கக் கூடாததைக் கேட்டது.

கேட்டதற்கு விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். தந்தேன். விளக்கத்துக்கு விளக்கம் கேட்டார்கள். அதையும் தந்தேன். பத்தொன்பது நாள் கழித்து, ஐந்து பேர் கொண்ட குழு கூடியது. பதிவாளர் தலைமை. பல்கலைக்கழகத்தின் அத்தனை கோப்பும் கடைசியில் போய்ச் சேருகிற மனிதர். பேசும்போது எதிரில் ஆளிருப்பதை விட ஒலிவாங்கி இருப்பதையே விரும்புவார். ஏழே பேர் இருந்த அந்த அறைக்கும் ஒன்று கொண்டுவரப்பட்டது.

கடவுச்சொல் ஒரு உறையில், உறை ஒரு பெட்டியில், பெட்டி ஒரு இரும்பு அலமாரியில் இருந்தது. அதற்கு உறைக் காப்பாளர் என்று ஒருவர். வருடத்துக்கு ஒரு முறை எடுத்து, அரக்கு முத்திரை உடையவில்லை என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் திரும்ப வைப்பது அவர் வேலை. மீதி நாட்களில் அந்த நாளுக்காகத் தயாராவார். மெலிந்த, நல்ல மனிதர். உறையை இரண்டு கையிலும் ஏந்தி வந்தார்.

"பதினேழு வருஷத்துல உள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவைகூட நான் யோசிச்சதில்ல" என்றார் குழுவிடம். "அதுக்குத்தான் எனக்கு விருது குடுத்தீங்க." உறையைப் பதிவாளர் முன்னால் வைத்தார்.

முத்திரையைப் பதிவாளர் உடைத்தார். உள்ளே இருந்து பில் போடும் இயந்திரத்தில் வருவது போல ஒரு வழுவழுப்பான தாள் வந்தது. அதில் ஒன்றும் இல்லை. முன்பக்கமும் வெறுமை, பின்பக்கமும் வெறுமை.

இது சூட்டில் அச்சாகும் தாள், இரண்டு மூன்று வருடத்தில் எழுத்து மங்கிப் போயிருக்கும் என்றேன். குழு என்னைக் கருணையோடு பார்த்தது.

"முத்திரைக்குச் சேதமில்ல. உறைக்குச் சேதமில்ல. தாளுக்கும் சேதமில்ல" என்றார் பதிவாளர். "அப்புறம் பாஸ்வேர்டு மட்டும் எப்படிம்மா சேதமாகும்? உள்ள என்ன இருக்கோ அதுதான் பாஸ்வேர்டு. ஒண்ணும் இல்லேன்னா ஒண்ணும் இல்லாததுதான். போய் அதை அடி."

எனக்கு வந்த கோபத்தில், இவர்கள் எப்பேர்ப்பட்ட முட்டாள்கள் என்று இவர்களுக்கே காட்டிவிட வேண்டும் என்று, நேராகப் பெரியவரிடம் போய்க் கடவுச்சொல் கட்டம் காலியாக இருக்க என்டரை மட்டும் ஓங்கித் தட்டினேன்.

திறந்துகொண்டது.

அவர்கள் சொன்னது சரியாகப் போய்விட்டது என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம். பதினேழு வருடமாக அந்த மெஷினுக்குக் கடவுச்சொல்லே கிடையாது. தெருவில் போகிறவன் வந்து என்டரைத் தட்டியிருந்தால் யாரை வேண்டுமானாலும் டாக்டராக்கியிருக்கலாம். தட்டத் தோன்றாத மரியாதை எல்லோருக்கும் இருந்திருக்கிறது.

டிரைவரை நிறுவினேன். பிறகு குழு என்னிடம் ஒரு உறுதிமொழி எழுதி வாங்கியது: பணியின் நிமித்தம் எனக்குத் தெரியவந்த கடவுச்சொல்லை நான் உடனடியாக மறந்துவிடுகிறேன். கையெழுத்துப் போட்டேன். வெற்றுத் தாளைப் புது உறையில் வைத்து அரக்கு உருக்கினார்கள். உறைக் காப்பாளர் அதைக் கொண்டுபோனபோது அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

மெஷினை அணைத்துப் போட்டால், நெட்வொர்க் கார்டின் விளக்கு எரியவில்லை. திரையில் ஒரே ஒரு வரி: ஐந்தாம் எண் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது.

இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இந்த மாதிரிப் பழைய மெஷின்களில் ஒவ்வொரு கார்டும் தன்னைக் கவனிக்கச் சொல்லிக் கதவைத் தட்ட ஓர் எண் வைத்திருக்கும். ஒரே எண்ணில் இரண்டு பேர் தட்டக் கூடாது. என் கார்டு தட்டத் தெரிந்த எண்கள் இரண்டுதான், ஐந்தும் பத்தும். பத்தில் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. அதை எடுத்தால் இருபத்திரண்டு வருடத்து மதிப்பெண்களும் போய்விடும். ஐந்தில் இருந்தது பாட்டு கார்டு. அதன் எண்ணை மாற்றலாமா என்று பார்த்தேன். மாற்ற முடியாதபடி பற்றவைத்திருந்தார்கள். இணையக் குழுவில் கேட்டேன். எங்கிருந்தோ ஒருவர், அந்தப் பாட்டு கார்டைப் பிடுங்கிப் போடுங்கள், அது இல்லாமல் யாருக்கு என்ன குறைந்துவிடும் என்று எழுதினார். வெளியாள், பாவம்.

முப்பதாம் தேதிக்கு ஐந்து நாள் இருந்தது. பதிவாளரிடம் நேராகப் போனேன். நடுவில் மூன்று பேரைத் தாண்டிப் போனது தப்பு என்று பிறகு குறிப்பு எழுதினார்கள். ஒன்று பாட்டு, இல்லையென்றால் நெட்வொர்க், இரண்டும் ஒரே மெஷினில் ஓடாது என்று சொன்னேன். பாட்டை வேண்டுமானால் என் போனில் போட்டுக் காட்டுகிறேன் என்றும் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

"நீ சின்னப் பொண்ணு. உனக்கு அவசரம். நான் பெருசாப் பாக்கறேன். இந்தப் பதினாலு மாசத்துல இந்தப் பல்கலைக்கழகத்துலேர்ந்து ஒரு போலிச் சான்றிதழ்கூட உறுதி செய்யப்படல. ஒண்ணுகூட. உலகத்துல வேற எந்தப் பல்கலைக்கழகமாவது இப்படிச் சொல்லிக்க முடியுமா? நெட்வொர்க் வந்தா அந்தப் பெருமை போயிடும்."

"நிஜச் சான்றிதழும் ஒண்ணுகூட உறுதி செய்யல சார்."

"அது வேற விஷயம். நிஜம் எங்க போயிடப் போகுது? அது அங்கயேதான் இருக்கும். போலிதாம்மா ஓடிடும்."

நான் முப்பதாம் தேதியைச் சொன்னேன். கம்பெனியைச் சொன்னேன். அம்மா அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லிவிட்டாள் என்பதைச் சொல்லவில்லை. அவர் மேசைக்குத் திரும்பி வந்து, பாட்டுக்கு இடையூறு இல்லாமல் நெட்வொர்க்கும், நெட்வொர்க்குக்கு இடையூறு இல்லாமல் பாட்டும் இயங்க வழிகாண ஒரு துணைக்குழு போட்டார். முதல் கூட்டம் ஆறு வாரம் கழித்து. என் எண்பத்தொன்பது நாள் முடிந்தால் இன்னொரு எண்பத்தொன்பது நாள் தரவும் பரிந்துரைத்தார். அதற்கு என் பட்டம் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும் என்று அடியில் சின்ன எழுத்தில் இருந்தது.

கண்காணிப்பாளர் கதவு வரை வந்து ஆறுதல் சொன்னார். "எல்லாரும் இப்படித்தாம்மா ஆரம்பத்துல. ஒரு ஆயிரம் பாட்டு போனா சரியாயிடும்."

முப்பதாம் தேதி காலை அம்மா சாப்பாடு கட்ட வந்தாள். டப்பா காலியாகவே வரட்டும் என்றேன். கழுவி, துணியால் துடைத்து, பையில் வைத்தாள்.

எட்டரைக்கு நான் போனபோது பெருக்கும் அக்கா மட்டும் இருந்தாள். கண்ணாடி அறையைத் திறந்துவிட்டு, என் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தாள்.

"நான் இங்க பெருக்கிட்டிருக்கேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. பாட்டுக்கு என்னை நிக்க வைக்க மாட்டாங்க, நான் கணக்குல இல்ல. அதனால எனக்குப் போறதுக்கும் ஒண்ணுமில்ல" என்றாள். பிறகு பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்க ஆரம்பித்தாள்.

பெரியவரை அணைத்தேன். இரண்டு திருகு. பாட்டு கார்டு உள்ளங்கை அளவுதான் இருந்தது, ஓரத்தில் தூசி. அதை வெளியே எடுத்துவிட்டு மெஷினைப் போட்டேன். அவர் எழுந்திருக்க இருபது நிமிடம் ஆகும், வயசு அப்படி. முதன்மைக் கடவுச்சொல் கேட்டது. அதை மறந்துவிட்டதாக எழுதிக் கொடுத்திருந்ததால் ஒன்றும் அடிக்காமல் என்டரை மட்டும் தட்டினேன். கேபிளைச் சரிபார்த்தேன். கட்டமைப்புக் கோப்பில் ஒரு எழுத்துப் பிழை. திருத்தி, மறுபடி அணைத்து, மறுபடி போட்டேன். மறுபடி இருபது நிமிடம்.

ஒன்பது நாற்பத்தேழுக்கு நெட்வொர்க் கார்டின் பச்சை விளக்கு எரிந்தது. பிறகு சிமிட்டியது.

பதினாலு மாதமாக எங்கோ ஒரு சர்வரில் காத்துக் கிடந்த கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. இவர் உங்களிடம் படித்தாரா? ஆம். இவள் தேறினாளா? ஆம். பெரியவர் யாரையும் கேட்கவில்லை. யாருக்காகவும் எழுந்து நிற்கவில்லை. ஒன்பது ஐம்பத்து நாலுக்கு ஆயிரத்து முந்நூற்று எண்பத்தெட்டு ஓடி மறைந்தது. என் பெயரைப் படிக்கக்கூட நேரம் தரவில்லை. ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு வரிசை தீர்ந்தது. பதினோரு நிமிடம். இரண்டு பேருடைய பட்டம் போலி என்றும் சொல்லிவிட்டிருந்தார். அந்த இருவரையும் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் அந்த விதியே போட்டது.

நான் டப்பாவைப் பைக்குள் வைத்து மூடும்போது எல்லோரும் வந்துவிட்டார்கள். பத்து அடித்தது. எழுந்து நின்றார்கள். வருகைப் பதிவேடு முதல் கையிலிருந்து இரண்டாம் கைக்கு மாறி அங்கேயே நின்றது.

பாட்டு வரவில்லை.

யாரும் உட்காரவில்லை. உட்கார்ந்த பிறகு ஆரம்பித்துவிட்டால்? ஐந்து நிமிடம் நின்றார்கள். பதினைந்து நிமிடம் நின்றார்கள். ஒருவர் தும்மலை அடக்கிக்கொண்டார். கண்காணிப்பாளர் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் கண்ணாடி அறைப் பக்கம் ஓட்டினார். யாரோ போன் செய்ய, பத்தரைக்குப் பதிவாளர் வந்து சேர்ந்தார். உள்ளே கால் வைத்தவர் எல்லோரும் நிற்பதைப் பார்த்து அனிச்சையாக அவரும் நின்றுவிட்டார். அதன் பிறகு அவராலும் அசைய முடியவில்லை. நின்ற இடத்திலிருந்தே கேட்டார், என்ன செய்தாய் என்று.

சொன்னேன். பச்சை விளக்கையும், பதினோரு நிமிடத்தையும், போலிகள் இரண்டையும் சொன்னேன்.

"எத்தனை மணிக்குப் போச்சு?"

"ஒம்பது நாப்பத்தேழுலேர்ந்து ஒம்பது அம்பத்தெட்டு சார்."

அவர் முகம் தெளிந்தது. "அப்போ போகவே இல்ல. இன்னிக்கு நாளே ஆரம்பிக்கல. ஆரம்பிக்காத நாள்ல போனது எதுவும் போனதா ஆகாது. நீ இப்போ அந்தக் கார்டை எடுத்து மாட்டு. மெஷினோட கடிகாரத்தைப் பத்துக்குத் திருப்பு, பாட்டு வரட்டும். நாள் ஆரம்பிச்சதும் அத்தனை கம்பெனிக்கும் கடிதம் அனுப்பி, சொன்னதையெல்லாம் திரும்ப வாங்கிக்கறோம். சாயந்திரம் அஞ்சுக்குள்ள முடிச்சிடலாம். இந்த மாதிரி விஷயத்துல நாங்க வேகமாத்தான் இருப்போம்."

"என்னோடதையுமா சார்?"

"உன்னோடதை முதல்ல. முன்மாதிரியா இருக்கணும்ல."

"நாள் ஆரம்பிக்கலேன்னா, நீங்க இப்போ போடற இந்த உத்தரவும் போட்டதா ஆகாதே சார்."

"அதனாலதான் வாய்ல சொல்றேன்" என்றார்.

கண்காணிப்பாளர் கெஞ்சலாகப் பேசினார். "மாட்டிடும்மா. முன்னூத்தி சொச்சம் பாட்டுதான் எனக்கு பாக்கி. நீ நல்லா இருப்பே."

அந்த மனிதரைப் பார்க்க ஒரு நொடி எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. நாலாயிரத்து அறுநூறு காலை, நாலு நிமிடம் பதினொரு வினாடி. பிறகு ஜன்னலைப் பார்த்தேன். கண்ணாடிக்கு வெளியே ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். போன தடவை தேதி கேட்டுப் போன பெரியம்மாவும் இருந்தாள். அவர்கள் எத்தனை நேரம் நின்றாலும் யாரும் எதிலும் எழுதிக்கொள்வதில்லை.

"அம்மா" என்று ஜன்னல் வழியாக அவளைக் கூப்பிட்டேன். "உங்க பையனோடது போயிடுச்சு. காலைலயே."

அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. தேதியைக் கேட்டாள். முப்பது என்றேன்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். மாட்ட மாட்டேன் என்றும், நாளைக்கு வர மாட்டேன் என்றும் சொன்னேன். மேசைகளுக்கு நடுவே வாசலைப் பார்த்து நடந்தேன். கார்டு எங்கே என்று பதிவாளர் பின்னாலிருந்து கேட்டார். யாராவது போய் அவளைப் பிடியுங்கள் என்றார். ஒருவரும் நகரவில்லை. நகர்கிற நொடியில் பாட்டு வந்துவிட்டால் யார் பொறுப்பு? உறைக் காப்பாளர் மட்டும், நான் தாண்டிப் போகும்போது, உதடு அசையாமல் கேட்டார்: "அந்தத் தாள்ல நிஜமாவே ஒண்ணும் இல்லையாம்மா?"

"இல்ல சார்."

அவர் நேராகப் பார்த்தபடி நின்றார்.

வாசலில் காவலாளி நாற்காலியில் கால் நீட்டியிருந்தார். வெளியே போகிற ஒவ்வொரு பையையும் திறந்து, சாப்பாட்டு டப்பா வரை பார்ப்பது அவர் வேலை. எண்பது நாளாக என் டப்பாவைப் பார்த்து வந்தவர். நான் நானாகவே நின்று பையை நீட்டினேன்.

"எனக்கெதுக்கும்மா காட்டறே? இன்னும் பாட்டே வரல" என்றார். "நாள் ஆரம்பிச்சாத்தானே நான் டூட்டி? போ போ."

படியிறங்கும்போது பையில் டப்பா ஒரு தடவை லொடலொடத்தது. கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினேன்.